பெட்ரோல் பங்க்கில் இரண்டு மெலிசா

கொத்தமல்லிக் கட்டைப் பைக்குள் செருகிக்கொண்ட மங்கையர்க்கரசி, காய்கறிக் கடைக்காரரைப் பார்த்து, "இந்த நாள் உங்களுக்கு இனிமையாகக் கழியட்டும். மனதில் பாரம் ஏதாவது இருந்தால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள்" என்றாள்.

கடைக்காரர் தக்காளியைத் தராசிலேயே விட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனம்மணி, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்ணா" என்று முணுமுணுத்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. நடக்கும்போதுதான் உறைத்தது. சொந்த வாயால், சொந்தப் பேச்சில், வீட்டுக்கு வெளியே ஒரு மனிதரிடம் கடைசியாக எப்போது பேசினோம் என்று யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு பின்னால் போய்ப் பார்த்தும் அப்படி ஒரு நாள் நினைவுக்கு வரவில்லை.

அவளுடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலகத்தின் மறுபக்கத்தில், பனி கொட்டும் ஊர்களில், ராத்திரி தூக்கம் வராத முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூப்பிட்டால் பேசுவதற்கு மெலிசா என்றொருத்தி உண்டு. இயந்திரத்தை விட்டுப் பேசவைக்கக் கூடாது, மனிதர்தான் பேச வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்துவிட்டது. நிறுவனம் சட்டத்தை மதித்தது. ஈரோட்டிலும் இன்னும் எங்கெங்கோவும் மனிதர்களை வேலைக்கு எடுத்து, ஆளுக்கொரு தொண்டைப்பட்டையைக் கொடுத்தது. பட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வாய்க்குள் முணுமுணுத்தால் போதும், அந்தப் பக்கம் மெலிசாவின் குரல் கேட்கும். இவளுடைய குரலோ இழுவையோ இருமலோ போகாது. ஆங்கிலத்துக்குள் ஈரோடு தலைநீட்டினால் அதையும் பட்டை துடைத்துவிடும். இன்றைக்கு இவள் பேசிய பெரியவரிடம் நாளைக்கு வேறொருவர் பேசுவார்; அவரும் மெலிசாதான். அந்த வேறொருவர் யார் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள முயலக் கூடாது என்பது வேலையில் சேரும்போதே ஒப்புக்கொண்ட நிபந்தனை.

அரசி கெட்டிக்காரி. மெலிசாக்களிலேயே நல்ல பெயர் எடுத்தவள் அவள்தான் என்று நிறுவனம் அடிக்கடி சொல்லும். அந்தப் பெருமையை வெளியே சொல்லிக்கொள்ள வழியில்லை. அவள் கணவன் சென்னியப்பன் பேட்டரி வண்டி பழுதுபார்க்கிறவர். அவருக்கு மட்டும் தெரியும். தொண்டைப்பட்டைக்கு அவர் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. கன்றுக்குட்டி மண்ணைத் தின்றுவிடாமல் இருக்கக் கட்டுவார்களே, அது.

அன்று சாப்பிடும்போது அரசி விஷயத்தை ஆரம்பித்தாள். "பேசறதுக்கு நாலு ஆளு வேணுமுங்க."

"நானிருக்கறனே."

"நீங்க இருக்கறீங்க. அது வேற. இந்த வீதியில வூட்டுக்கு ஒருத்தரு கதவச் சாத்தீட்டு வேலை செய்யறாங்க. பக்கத்து வூட்டுல என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது, என்ற வேலை அவிங்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்து செஞ்சா என்ன கெட்டுப்போகுது? அந்த பெட்ரோல் பங்க்கு சும்மாதான கெடக்குது."

சென்னியப்பனுக்குப் புரையேறிவிட்டது. "வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. நீ வாய வாடகைக்கு விட்டுப் பொழைக்கறவ. இப்ப பெட்ரோல் அடிச்ச எடத்துல அரட்டை அடிக்கப் போறீங்களாக்கும்" என்றார். சொன்னாரே தவிர, மறுநாள் காலையிலேயே வயர் சுருளையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பியதும் அவர்தான்.

வாய்க்கால்மேட்டு பங்க் மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. பெட்ரோல் வண்டிகள் ஒழிந்த பிறகு அங்கே நாய்கள் மட்டும் படுத்திருந்தன. பெரிய கூரை, நல்ல காற்று, கண்ணாடி வைத்த கல்லா அறை, தண்ணீர்க் குழாய், கழிப்பறை எல்லாம் அப்படியே இருந்தன. பங்க் முதலாளி கிட்டுசாமி, "நாய்க்குப் பதிலா மனுசரு உக்காந்தா எனக்கென்ன நட்டமுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். அரசி வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். பாதிப் பேர் பார்சல் வந்திருக்கிறது என்று நினைத்துத்தான் கதவைத் திறந்தார்கள். கூட்டிப் பெருக்கி, மேசை போட்டு, விசிறி மாட்டி, பங்க் மறுபடியும் திறந்தபோது ஆறேழு பேர் வந்தார்கள். மாதங்கள் போகப் போக, காலையில் சீக்கிரம் வராவிட்டால் நாற்காலி கிடைக்காது என்ற நிலை வந்தது.

வந்தவர்களில் தெய்வானை ஒருத்தி. முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இப்போது நெதர்லாந்தில் ஏதோ துறைமுகக் கிடங்கில் ஓடும் பாரந்தூக்கி வண்டியை ஈரோட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறாள். யூசுப் என்ற இளைஞன் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் எக்ஸ்ரே படங்களை இயந்திரம் சரியாகப் படித்ததா என்று பார்க்கிறவன். வேலை என்னவோ அவரவர் வேலைதான், பேச்சில்லாமல்தான் நடக்கும். ஆனால் பதினொரு மணிக்கு டீ. அப்போது பங்க்கின் சிவப்புத் தீயணைப்பு வாளி ஒன்று சுற்றி வரும். காதுக்கருவி, கண்கருவி, தொண்டைப்பட்டை எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் டம்ளரைத் தொட வேண்டும். இது அரசி வைத்த சட்டம். டீ குடிக்கும்போது யாராவது ஒருவர் தன் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பது தெய்வானை சேர்த்த சட்டம்.

தெய்வானை ஒருநாள் கிடங்கில் கண்ணாடிச் சரக்கு ஒரு பெட்டியைப் போட்டு உடைத்துவிட்டாள். அப்படியே வந்து டீக்கு உட்கார்ந்தாள். "யாருக்கும் அடிபடலீங்க. ஆனா ஒரு ஆளு பக்கத்துல நின்னாரு. அவரு மூஞ்சி கண்ணுக்குள்ளயே நிக்குது" என்று சொல்லி அழுதாள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. யூசுப் தன் முறுக்கை அவள் பக்கம் நகர்த்தினான். வீட்டில் இருந்திருந்தால் அதைத் தனியாகவே சுமந்திருப்பாள் என்று அரசிக்குத் தோன்றியது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அரசியின் நடையில் ஒரு மிடுக்கு இருந்தது. அது இருந்துவிட்டுப் போகட்டும், ஊரில் மூடிக்கிடந்த ஒன்றைத் திறந்துவைத்தவளுக்கு அந்த மிடுக்கு தகும்.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் அங்கே இரண்டே பேர். அரசி "கஸ்டமர் கேருங்க" என்று சொல்லி நழுவிவிடுவாள். இன்னொருவர் முத்துவேலப்பன். ஐம்பதைத் தாண்டியவர், கட்டை மீசை, சிரிக்காத முகம். மூன்றாவது பம்ப்புக்கு அருகே சுவரைப் பார்த்து உட்காருவார். டீயை வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். அவருடைய முறை வரும்போதெல்லாம், "எனக்குப் பேச வராதுங்க" என்பார். அந்த மனிதர் கோபக்காரர் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது.

அரசியிடம் பேசிக்கொண்டிருந்த மூதாட்டி பாதியிலேயே தூங்கிவிட்டார். அடுத்த அழைப்புக்காக அவள் காத்திருந்தாள். திடீரென்று காதுக்குள் வாலஸ். கனடாவில் தனியாக இருக்கும் பெரியவர். செவ்வாய்க்கிழமைதோறும் அவளிடம் பேசுகிறவர். வெள்ளிக்கிழமை இவர் எப்படி வந்தார் என்று நினைப்பதற்குள் அவர் கேட்டார்: "சொல், மெலிசா. என் மகனுக்கு நானே போன் செய்யட்டுமா?"

"செய்யுங்கள். இன்றைக்கே செய்யுங்கள்" என்றாள் அரசி.

அதே நொடியில் அதே மெலிசாவின் குரல் சொன்னது: "வேண்டாம். முதலில் அவன் செய்யட்டும்."

அரசி திகைத்துப்போனாள். எதிரொலி என்றால் சொன்னதையே சொல்லும், எதிர்த்துப் பேசாது. அவள் தலையைத் தூக்கினாள். மூன்றாவது பம்ப்புக்கு அருகே முத்துவேலப்பன் சுவரைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருந்தார். ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார். அவள் சோதித்துப் பார்க்கிற மாதிரி, உதடு அசைய, "ஒரு நிமிடம், வாலஸ்" என்றாள். முத்துவேலப்பனின் கண்கள் அவள் மேல் வந்து நின்றன.

வாலஸ் அந்தப் பக்கம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகிப் பிறகு மறுபடியும் சிரிப்பாகியது. "நீங்கள் இருவரும் கலந்து பேசி ஒரு முடிவைச் சொல்லுங்கள்" என்றார். அத்தோடு இணைப்பு அறுந்தது.

பதினொரு மணி டீக்கு வாளி வந்தபோது இருவரும் ஒரே சமயத்தில் தொண்டைப்பட்டையைக் கழற்றிப் போட்டார்கள். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். தெய்வானையின் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது.

"அரசி, என்ன இது ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

இனி மறைத்துப் பயனில்லை. அரசி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த தெய்வானை முகவாயில் கைவைத்தாள். "அப்ப நீங்க ரெண்டு பேரும் ஒரே பொம்பளையா?"

"ஆமாங்க அம்மணி" என்றார் முத்துவேலப்பன். பேச வராது என்பதைத் தவிர பங்க்கில் அவர் சொன்ன முதல் பதில் அதுதான். கூரை அதிரச் சிரித்தார்கள். அவர் மீசைக்கடியிலும் ஏதோ அசைந்தது.

யூசுப் மட்டும் விடவில்லை. "மனுசன்தான் பேசணும்னு சட்டம் சொல்லுது. செரி. ஆனா ஒரே மனுசின்னு நம்ப வெக்கறது ஏமாத்து இல்லீங்களா அரசியக்கா?"

"அவிங்க கேட்டா, ஒரு நேரத்துல ஒருத்தருதான பேசறாங்கம்பாங்க."

"இன்னைக்கு ரெண்டு பேரு பேசிட்டீங்களே."

"அதுதான் எப்படின்னு தெரியல."

"எனக்குத் தெரியுதுங்க" என்றார் முத்துவேலப்பன். "நாம ரெண்டு பேரும் பங்க்கோட ஒரே நெட் இணைப்புல இருக்கறோம். மெலிசா ஒருத்திதான்னு மிசினுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. ஒரே எடத்துல இருந்து ரெண்டு மெலிசா வந்தா, அது ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டிருச்சு. பாவம், அது சொன்னதத்தான் கேட்டுது."

மறுநாளே நிறுவனத்திலிருந்து அரசிக்கு அழைப்பு வந்தது. நடத்தை அதிகாரி ரோஷன் என்று பெயர் சொன்ன ஒருவர், எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியாத தமிழில் பேசினார்.

"தவறு உங்களுடையது அல்ல. இடத்தினுடையது. அந்த இடத்தை நீங்கள்தான் நடத்துகிறீர்கள் என்று அறிகிறோம். அதை மூடிவிடுங்கள். முத்துவேலப்பனை இன்றோடு விலக்கிவிட்டோம். நீங்கள் எங்களுடைய மிகச் சிறந்த மெலிசா. நீங்கள் தொடரலாம்."

"மூடலீன்னா?"

"உங்களையும் இழக்க வேண்டியிருக்கும்."

"நாங்க ரெண்டு பேரும் ஒரு கூரைக்கடியில உக்காந்தா உங்களுக்கு என்னங்க கஷ்டம்?"

"மெலிசா ஒருத்தி. ஒருத்திக்கு இரண்டு நாற்காலி வேண்டியதில்லை" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் கஷ்டத்தை விடுங்கள். வாலஸை நினைத்துப் பாருங்கள். உலகத்தில் தன்னோடு பேச ஒருத்தி இருக்கிறாள் என்று நம்பித்தான் அவர் தூங்கப் போகிறார். அவள் ஒரு கூட்டம் என்று தெரிந்தால் அவருக்கு யார் மிச்சம்? அந்த மனிதரின் ஒரே துணையை நேற்று நீங்கள் உடைத்துவிட்டீர்கள்."

அது அவளைச் சுட்டது. வேலை போவதைவிட அதுதான் அதிகம் சுட்டது. "ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க கழுத்துலயும் பட்டை இருக்குதா?" என்றாள்.

"திங்கட்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு அதிகாரி இணைப்பைத் துண்டித்தார்.

சென்னியப்பனிடம் சொன்னபோது அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. "உன்ற வேலை, உன்ற பங்க்கு. ரெண்டுல எது போனா உனக்குத் தூக்கம் வராதுன்னு பாத்துக்க" என்றார்.

தூக்கம் வராதவர்களோடு பேசியே பிழைத்தவளுக்கு அது தெரியாமல் போகுமா? ஆனாலும் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. சாகக் கிடந்த ஒருவர் கடைசியாகப் பேசியது அவளிடம். மகள் இறந்த துக்கத்தில் வாரக்கணக்கில் சாப்பிடாத ஒரு அம்மாளை ஒருவாய் ரொட்டி தின்ன வைத்திருக்கிறாள். அதற்கெல்லாம் பெயர் வாங்கிக்கொண்டது மெலிசா என்றாலும், செய்தது அரசிதானே.

திங்கட்கிழமை காலை பங்க்கைத் திறக்கப் போனால், வேலை போன மனிதர் முத்துவேலப்பன் எல்லோருக்கும் முன்னால் வந்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத்தான் இனி வேலை இல்லீங்களே, எதுக்குங்ணா வந்தீங்க?"

"வேலைக்குன்னா வூட்டுலயே உக்காந்திருப்பனுங்க." விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு அவர் பேசினார், நிறுத்தி நிறுத்தித்தான், ஆனால் பேசினார். "நாள் முச்சூடும் அன்பாப் பேசியாகோணும். எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்றது? சாயங்காலம் ஆனா உள்ள ஒண்ணும் இருக்காதுங்க, வழிச்சுத் தொடச்சு வெச்ச மாதிரி. என்ற மக வந்து அப்பான்னு கூப்புட்டா 'ம்'முன்னு சொல்றதுக்குக்கூடத் தெம்பிருக்காது. வூட்டுல பேசாம இருந்தா கோவம்னு நெனைக்கறாங்க. இங்க பேசாம இருந்தா டீ குடுக்கறீங்க. அது போதுமுங்க. இங்க வாயத் தொறக்காம உக்காந்துட்டுப் போறதுனாலதான், வூட்டுக்குப் போயி அவகிட்ட நாலு வார்த்தை பேச முடியுது."

அரசி அதிகாரி சொன்னதைச் சொன்னாள். பங்க்கை மூடினால் தன் வேலை நிலைக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் விளக்குமாற்றை மறுபடியும் கையில் எடுத்தார். "மூடுனாலும் நான் தப்பா நெனைக்கமாட்டனுங்க. நீங்க நல்ல மெலிசா. வாலஸ் ஐயா வெள்ளிக்கெழமை எங்கிட்ட வந்தா, அவரு குரல்லயே தெரியும், செவ்வாக்கெழமை யாரோ நல்லாப் பேசியிருக்காங்கன்னு. யாருன்னு தெரியாமயே உங்களைக் கும்புட்டிருக்கேன்."

தன் வேலையைப் பற்றி, அதைச் செய்து பார்த்த இன்னொருவர் வாயால் அவள் கேட்ட முதல் நல்ல சொல் அதுதான். நிறுவனம் எத்தனையோ முறை பாராட்டியிருந்தது. அப்போதெல்லாம் கண் கலங்கியதில்லை. இப்போது கலங்கியது. அவள் அதை மறைக்கவும் இல்லை.

அன்று மதியம் அவள் ரோஷனுக்குப் பதில் சொன்னாள். "பங்க்கை மூடறதா இல்லீங்க."

"ஒருமுறை யோசித்துச் சொல்லலாமே."

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன். நாளைக்கு மட்டும் என்ற முறையச் செய்ய விடுங்க. அவரு காத்திட்டிருப்பாரு."

வேறு ஆள் கிடைக்கவில்லையோ, மனம் இளகினாரோ, அதிகாரி ஒப்புக்கொண்டார். விடைபெறக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார். மெலிசா எங்கேயும் போவதில்லை. அதனால் விடைபெறுவதும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பங்க்கில் வெயில் கூரைக்குள் எட்டிப் பார்த்தது. வாலஸின் ஊரில் அப்போது நடுநிசி, வெளியே பனி. அரசி பட்டையைக் கட்டிக்கொண்டாள். அந்த மனிதரை உண்மையிலேயே உடைத்துவிட்டோமா என்பதை இப்போது அவர் குரலிலேயே தெரிந்துகொண்டுவிடலாம்.

"மகனுக்குப் போன் செய்துவிட்டேன்" என்று ஆரம்பித்தார் வாலஸ். "அவன் செய்யட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். பிறகு நானே செய்தேன். ஆக, இருவர் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்."

"இருவரா? நான் மெலிசா மட்டும்தான், வாலஸ்" என்றாள்.

"நீ செவ்வாய்க்கிழமைக்காரி. நான் சொல்லும் வேடிக்கை முடிவதற்கு முன்பே சிரித்துவிடுகிறவள். புதன்கிழமை வருகிறவளுக்கு அவசரம், எப்போதும் எதையாவது முடித்துவிடப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமைக்காரன் யோசித்துத்தான் வாயைத் திறப்பான்."

"காரனா?"

"ஆண்தான். என்னை ஒரு தடவைகூட அவன் பாவம் என்று சொன்னதில்லை. அதற்காகவே அவனைப் பிடிக்கும்." வாலஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஆயுசு முழுவதும் பஸ் ஓட்டியவன் அம்மா. எங்கள் ஊர்ப் பனிக்காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு, ஒரே மாதிரி குல்லாய், முகமெல்லாம் மூடிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏறுவார்கள். படியில் கால் வைக்கிற விதத்திலேயே இன்னார் என்று எனக்குத் தெரியும். குரல் ஒரு கோட்டு. அவ்வளவுதான்."

"எத்தனை நாளாகத் தெரியும்?"

"முதல் மாதத்திலிருந்தே."

"அப்புறம் ஏன் எங்களோடு பேசினீர்கள்?"

"பேச வந்தவர்களோடு பேசாமல் என்ன செய்வது? நீங்கள் எத்தனை பேர் என்பது எனக்குக் கவலையாக இருந்ததில்லை. வேறொரு கவலைதான் இருந்தது. ராத்திரி முழுவதும் எனக்குத் துணையாக இருக்கிறார்களே, இவர்களுக்கு யார் துணை, எந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்களோ என்று நினைப்பேன். நினைத்தால் தூக்கம் வராது. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னீர்களே, அன்றைக்குத்தான் தெரிந்தது நீங்கள் ஒரே இடத்தில் இருக்கிறீர்கள் என்று. அன்று நான் விடிய விடியத் தூங்கினேன்."

அதிகாரி சொன்ன சொல் நாலு நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அரசிக்கு அது கழன்று விழுந்தது.

"அந்த இடம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார் வாலஸ்.

"பழைய பெட்ரோல் பங்க். நாங்கள் பெருக்கிச் சுத்தம் செய்து திறந்தோம். முப்பது பேர் உட்காரலாம். நான்தான் ஆரம்பித்தேன்." கடைசி வாக்கியத்தை அவள் ஒருமுறைகூட யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

"சபாஷ். உன் பெயர் என்ன?"

"மங்கையர்க்கரசி" என்றாள்.

அவள் காதிலேயே கேட்டது, பட்டை அதை அனுப்பிய விதம்: மெலிசா. மறுபடியும் சொன்னாள். மெலிசா. சொந்தப் பெயர் எந்த வடிவில் வந்தாலும் இயந்திரம் அதைப் பிடித்து மாற்றிவிடும், அப்படித்தான் செய்துவைத்திருந்தார்கள்.

"அது தெரியும்" என்றார் வாலஸ் சிரித்துக்கொண்டே. "உன் பெயர்?"

அரசி கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பட்டையைக் கழற்றினாள். லேப்டாப்பின் சொந்த மைக்கைத் திறந்தாள். சொந்தக் குரல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் இணைப்பு அதிக நேரம் நிற்காது, காவல் இயந்திரம் மோப்பம் பிடித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். எழுந்து நின்று, தெருமுனைவரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மங்கையர்க்கரசி!"

பங்க்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்த அத்தனை வாய்களும் நின்றன. தெய்வானை நெதர்லாந்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். யூசுப் காதுக்கருவியை எடுத்துவிட்டான்.

"மங்கி..." என்றார் வாலஸ்.

"மங்கை."

"மங்கை. யர். கரசி."

"மங்கை-யர்க்-கரசி."

"மங்கையர்க்கரசி" என்றார் வாலஸ். அவ்வளவு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக இறக்கிவைத்தார். "இது நல்ல கனமான பெயர். இதை எதற்கு மூடி வைத்தார்கள்? சரி, வெள்ளிக்கிழமைக்காரன் பெயரையும் சொல்லிவிடு."

அவள் சொன்னாள். அவர் அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தபோது திரை கறுத்தது. சற்று நேரத்தில் அவளுடைய கணக்கு முடக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அரசி லேப்டாப்பை மூடினாள். நாளைக்கு வேலை இல்லை. பங்க்கை மட்டும் வழக்கம்போலத் திறக்க வேண்டும்.

கல்லா அறையிலிருந்து முத்துவேலப்பன் டீத்தட்டோடு வந்தார். அவள் கத்தியதைக் கேட்டுத்தான் வந்திருந்தார். அடுப்பின் இரைச்சலில் மீதி காதில் விழவில்லை. டம்ளரை அவள் முன்னால் வைத்தார்.

"வாலஸ் ஐயாங்களா?"

"ஆமாங்ணா. அவருக்கு நம்மளை மொதல்லிருந்தே தெரியுமாம். உங்க பேரக் கேட்டாரு."

அவர் தட்டைக் கீழே வைத்தார்.

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"முழுசாவா?"

"முழுசாத்தானுங்ணா" என்றாள் மங்கையர்க்கரசி. "இனிசியலோட சொன்னேன்."